செஸ்நட் மரத்தடி நேர்த்தி

மடத்துத் தோட்டத்தில் நின்ற செஸ்நட் மரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து கன்னியாஸ்திரிகள் வேண்டும். சும்மா சொல்லவில்லை, படம் இருக்கிறது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பதுகளில் எடுத்தது. கறுப்பு உடுப்பும் வெள்ளை முக்காடுமாக ஐந்து பேர் கைகோத்து மரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். படத்தில் தெரிவது மூன்று பேர்தான், மற்ற இருவரையும் மரம் மறைத்துவிட்டது. அந்த ஐவரில் இப்போது மிஞ்சியிருப்பவர் சிஸ்டர் பெர்னதெத் ஒருவர். அவர் பின்னால் நின்றவர், ஆகவே படத்தில் இல்லை.

அருமைநாதன் அந்த மடத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று வருடமாகிறது. பனி தள்ளுவது, கொதிகலனோடு மல்லுக்கட்டுவது, பல்ப் மாற்றுவது, புல் வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பது பேர் இருந்த மடத்தில் ஒன்பது பேர்தான் மிச்சம், ஒன்பது பேரும் எண்பதைத் தொட்டவர்கள். செயின்ட்-மிஷேலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மடத்துக் கூரைக்கு முன்னால் இந்த மரத்தின் தலைதான் கண்ணில் படும். மன்னார்ப் பேசாலையில் வள்ளமும் வலையுமாக வளர்ந்த மனிதருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியப்போகிறது? ஆனாலும் அடிமரத்தைப் பார்த்த அன்றே அது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. பட்டை நேராக ஏறாமல், நங்கூரக் கயிறு மாதிரி முறுகி முறுகி மேலே போயிருந்தது. வயதாக ஆக இந்த இனம் இப்படித்தான் முறுகும் என்று சிஸ்டர் சொன்னார்.

செஸ்நட் என்றாலே அவருக்கு முதலில் வயிறுதான் நினைவுக்கு வரும். கனடாவுக்கு வந்த புதிதில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு அறையில் ஆறு பேராகக் கிடந்த காலத்தில், பூங்காவில் விழுந்துகிடந்த பளபளப்பான கொட்டைகளைப் பை நிறையப் பொறுக்கிவந்து அவித்துத் தின்றுவிட்டு, ஆறு பேரும் ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள். அது குதிரைச் செஸ்நட், பெயரில் மட்டும்தான் சொந்தம், தின்றால் விஷம் என்று சிஸ்டர் விளக்கினார். மடத்து மரம் அசல். இலை ஒரு சாண் நீளம், ஓரமெல்லாம் வாள்பல். காய் பார்வைக்குப் பச்சை றம்புட்டான், தொட்டால் கையில் இரத்தம். ஒவ்வொரு முள்ளுக்காய்க்குள்ளும் மூன்று கொட்டைகள் அடுக்காக இருக்கும். ஆனால் இந்த மரத்தின் கொட்டைகளில் ஓடு மட்டும்தான் இருந்தது. கரண்டி மாதிரிச் சப்பையாக, விரலால் அமுக்கினால் பொரிந்துபோகும் வெறும் ஓடு.

"இதன் உறவுகள் தெற்கே மலை மலையாக நின்றன," என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "தொட்டிலும் அந்த மரம், வீடும் அந்த மரம், சவப்பெட்டியும் அந்த மரம். மண்ணில் புதைத்தாலும் லேசில் உக்காது. பட்டையில் தோல் பதனிட்டார்கள். இலையை அவித்து இருமலுக்குக் குடித்தார்கள். ஏழைகள் குளிர்காலம் முழுக்கக் கொட்டையைத் தின்று பிழைத்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் ஒரு பூஞ்சணம் வந்தது. நாற்பதே வருடத்தில் எல்லாம் பட்டுப்போயின. இது உறவுகளை விட்டுத் தூர வந்ததால் தப்பியது. ஆனால் தனி மரம் பூக்கும், காய்க்கும், விதைக்காது. பக்கத்தில் தன் இனத்து இன்னொரு மரம் பூத்தால்தான் உள்ளே பருப்பு வைக்கும். நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு பருப்பு கிடையாது."

இதைக் கேட்டு அருமைநாதன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். உறவை விட்டுத் தூர வந்து தப்பிய கதை அவருக்கும் இருந்தது. அதில் ஒரு அழுக்கும் இருந்தது.

எண்பத்தெட்டில் அவருடைய அகதி வழக்கு. அறையிலிருந்த மற்ற ஐந்து பேரும் அவருடைய கதையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "சப்பெண்டு இருக்கு, அருமை. வீட்டில ஒரு சாவு இல்லாத கேஸ் நிக்காது," என்றார்கள். அவருக்கு இருந்தது தாயும் ஒரு தம்பியும். தம்பியின் பெயர் கிறிஸ்தோப்பர், இருபத்திரண்டு வயது, கடல்தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். அருமைநாதன் தாய்க்கு எழுதினார். தாய் யார் யாரையோ பிடித்து, கிறிஸ்தோப்பர் எண்பத்தேழில் கடற்கரையில் சூடுபட்டு இறந்ததாக ஒரு மரணப் பத்திரம் எடுத்தாள். அதைத் தபாலில் சேர்த்தவன் வேறு யாருமல்ல, செத்தவனேதான். உள்ளே ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருந்தான்: "அண்ணை, என்ர சாவைக் கவனமாய் வைச்சிரு. துலைச்சுப்போட்டு இன்னொருக்காச் சாகச் சொல்லாத." விசாரணையில் அருமைநாதன் அந்தச் சாவைச் சொல்லி அழுதார். மொழிபெயர்க்க வந்தவரும் சேர்ந்து அழுதார். வழக்கு வென்றது.

அடுத்த வருடம் தாய் போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டு, ஊரே வள்ளமேறி இராமேஸ்வரம் போனபோது கிறிஸ்தோப்பரும் ஏறினான் என்று ஒருவர் சொன்னார். அந்த வள்ளம் கவிழ்ந்தது என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

நான்கு வருடம் கழித்து ஒரு தொலைபேசி வந்தது. அருமைநாதன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த காலம். தமிழ் தெரிந்த ஆட்களை வைத்து இமிகிரேஷன்காரர் வீடு வீடாக அழைத்து விசாரிக்கிறார்கள் என்று பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்க ஒரே கதை. அது உண்மையா பொய்யா என்று யாரும் பார்க்கவில்லை, பயம் மட்டும் எல்லாருக்கும் பங்கு வைக்கப்பட்டது. தொலைபேசியில் ஒரு ஆண் குரல், தான் மண்டபம் அகதி முகாமிலிருந்து பேசும் ஒரு கத்தோலிக்கச் சுவாமி என்றது.

"கிறிஸ்தோப்பர் எண்டு உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறாரோ?"

"இருந்தவன். எண்பத்தேழில செத்துப்போனான்."

"நிச்சயமாகவோ?"

"பத்திரம் இருக்கு," என்று சொல்லிவிட்டு அருமைநாதன் வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் காது கேட்டதை மனம் எடுத்துப் பார்த்தது. சுவாமியின் குரலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் இமிகிரேஷன்காரனுடையதல்ல. திரும்ப அழைக்க அவரிடம் இலக்கம் இல்லை. தேடிப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் தொலைபேசி அடித்தால் அவர் எடுப்பதில்லை. மனைவி றோஸ்மேரிதான் கறிக்கையோடு ஓடிவந்து எடுப்பாள். அருமை அண்ணைக்குப் புலிக்கும் பயமில்லை, ஆமிக்கும் பயமில்லை, தொலைபேசிக்காரப் பெல் கம்பனிக்குத்தான் பயம் என்று பங்குக் கோவிலில் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மரத்தடியில் நின்று மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். மன்னார்க் கத்தோலிக்கன் கைவிட்டுப்போன இடத்தில் வேறென்ன செய்வான்? "தாயே, இந்த மரத்தில ஒரு கொட்டையாவது நிறைஞ்சு வந்தா, நான் அவனைத் தேடிப் பிடிச்சு உண்மையைச் சொல்லுறன். அதுவரைக்கும் என்னை விட்டுவிடும்." எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். நடக்கவே நடக்காது என்று ஒரு கன்னியாஸ்திரியே உத்தரவாதம் தந்த ஒன்றை நிபந்தனையாக வைத்து, மாதாவிடமே வக்கீல் வேலை பார்த்திருக்கிறார். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

ஆனால் நேர்த்தி என்றால் அது இரண்டு பக்கமும் கட்டும். வைத்தவன் சோதித்துப் பார்க்காமல் விட்டால் அது ஏமாற்று என்று அடுத்த ஒக்டோபரில் அவருக்குத் தோன்றியது. அதனால் கூட்டி அள்ளிய முள்ளுக்காய்களைக் குப்பைக்கு அனுப்பு முன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தடித்த தோல் கையுறை போட்டும் முள் ஏறியது. ஒரு பருவத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் காய். எல்லாம் சப்பை. ஒவ்வொரு சப்பைக்கும் ஒரு ஆறுதல், அந்த ஆறுதலோடு சேர்ந்து ஒரு வெட்கம். ஒன்பது வருடம் இப்படிப் போனது.

மரமும் அவரைச் சும்மா விடவில்லை. அல்லது அவர் மரத்தைச் சும்மா விடவில்லை, எது சரி என்று எனக்குத் தெரியாது. ஜூலையில் வெளிர்மஞ்சள் திரிகளாகப் பூத்துத் தொங்கும்போது ஒரு மணம் வரும். சிஸ்டர்மார் ஜன்னலைச் சாத்துவார்கள். உப்பும் வியர்வையுமாக, கடலுக்குப் போய்வந்த ஆம்பிளையின் உடம்பு மணம். அந்த மூன்று வாரமும் அருமைநாதன் சாப்பாட்டுப் பெட்டியை மரத்தின் பக்கம் கொண்டுபோவதில்லை. ஒக்டோபரில் தோட்டச் சாமான் கொட்டகைக்குள் இருந்தால் தகரக் கூரையில் காய் விழும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. கதவைத் திறந்துபார்த்தால் முற்றத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திறந்தார். தொண்ணூற்றெட்டு ஐஸ் மழையில் பெரிய கிளை ஒன்று முறிந்து கொட்டகைக்கு ஓரடி தள்ளி விழுந்தபோது, தனக்குக் குறி வைத்து விழுந்ததாகவே நம்பினார். அந்தக் கிளையை அறுத்து வேலிக்குக் கட்டையாக நட்டார். இன்றுவரை ஒரு கட்டைகூட உக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஒக்டோபர், இரண்டாம் வாரம், முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலை. வழக்கம்போலக் காயைப் பிரித்தார். உள்ளே மூன்று. ஓரத்தில் இருந்த இரண்டும் சப்பை. நடுவில் இருந்தது உருண்டு, வயிறு புடைத்து, கருஞ்சிவப்பாக, நுனியில் சின்னக் குடுமியோடு இருந்தது. அமுக்கினார். அது அமுங்கவில்லை.

அருமைநாதன் அதைக் கீழே போட்டுவிட்டு நான்கு அடி பின்னால் போனார். சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து இன்னொரு காயைப் பிரித்தார். அதிலும் ஒன்று இருந்தது. மதியத்துக்குள் வாளியில் நாற்பத்தொரு கொட்டைகள் சேர்ந்தன. வெறும் கையால் பிரித்திருந்தார், விரல்களில் இரத்தம் கசிந்ததைக் கூட அவர் கவனிக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. ஒன்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்த கதவை உள்ளேயிருந்து யாரோ திறந்துவிட்ட பயம்.

மறைக்கத்தான் நினைத்தார். ஆனால் சிஸ்டர் பெர்னதெத் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊன்றுகோலோடு இறங்கிவந்து, வாளிக்குள் கையை விட்டு அளைந்து, அழுதார். "அறுபத்தாறு வருடம், மொஸ்யூ நாதன்," என்றார். சமையலறையில் கொட்டைகளைக் கத்தியால் கீறி, அடுப்பில் சுட்டு, ஒன்பது கன்னியாஸ்திரிகளும் திருவிருந்து வாங்குவதுபோல ஆளுக்கொன்று தின்றார்கள். அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவித்த வற்றாளைக்கிழங்கின் இனிப்பு. அவரால் விழுங்க முடியவில்லை, கைக்குட்டைக்குள் துப்பினார்.

"எப்படி வந்தது, சிஸ்டர்?"

"பக்கத்தில் எங்கேயோ இன்னொன்று இருக்கிறது. இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. மகரந்தம் வெகுதூரம் வராது, இரண்டு மூன்று தெருவுக்குள்தான் இருக்கும்."

அதைக் கேட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பியது. அப்படியென்றால் காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால் அது அதிசயம் இல்லை, அதிசயம் இல்லையென்றால் நேர்த்தியும் இல்லை. மனிதன் தப்ப நினைத்தால் ஊசிமுனையிலும் வழி கண்டுபிடிப்பான். மூன்று நாள் வேலை முடிந்ததும் அவர் பின் சந்து சந்தாக நடந்தார், வேலிகளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார். கொடிகளில் உடுப்புக் காய்ந்தது, தக்காளிச் செடிகள் கறுத்துக் கிடந்தன. ஒரு நாய் அவரை இரண்டு தெருவுக்குத் துரத்தியது.

மூன்றாம் நாள், மடத்திலிருந்து இரண்டாவது சந்தில், ஒரு கராஜுக்குப் பின்னால் சாண் நீள இலைகளைக் கண்டார். ஓரமெல்லாம் வாள்பல். மரம் இரண்டு மாடி உயரம்கூட இல்லை. அதன் கீழே தொப்பி போட்ட ஒரு இத்தாலியக் கிழவர் குந்தியிருந்து காய்களைக் காலால் மிதித்துப் பிளந்துகொண்டிருந்தார். பெயர் நிக்கோலா. அருமைநாதன் வேலிக்கு வெளியே நின்று மரத்தைக் காட்டிக் கேட்டதுதான் தாமதம், கிழவர் பிடித்துக்கொண்டார்.

"கலாப்ரியாவிலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் கேட்டார்கள், மருந்து என்றேன். ஐந்து குளிர்காலம் சாக்குச் சுற்றிக் காப்பாற்றினேன். நாலு வருடமாகப் பூக்கிறது, உள்ளே காற்றுத்தான். வெட்டு வெட்டு என்றாள் மனைவி. போரின்போது எங்கள் ஊருக்கு மாவு தந்தது இந்த மரம், ரொட்டி மரம் என்போம், எப்படி வெட்டுவது? இந்த வருடம் பார். யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியாது."

"மடத்தில் ஒன்று இருக்கிறது," என்றார் அருமைநாதன்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். இருபது வருடமாக மடத்து மதிலுக்குப் பக்கத்தால் ரொட்டி வாங்கப் போய்வந்தவர், ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லையாம். ஒரு பை நிறையக் கொட்டைகளை வேலிக்கு மேலால் நீட்டினார். எந்த வருடம் நட்டது என்று அருமைநாதன் கேட்டார். எண்பத்துநாலு என்றார் கிழவர். அந்த வருடத்தைத் தன் வாழ்க்கையில் எதனோடாவது பொருத்திப் பார்க்க அவர் வீடு வரும்வரைக்கும் முயன்றார். அது எதனோடும் பொருந்தவில்லை.

றோஸ்மேரி பையைப் பார்த்தாள், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். பொய் மரணத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவள் பேசாலைப் பெண், அந்தப் பத்திரத்தைப் பற்றி ஊரே பகிடி பேசியதைக் கேட்டவள். தொண்ணூற்றுநாலில் வந்த தொலைபேசி பற்றித்தான் தெரியாது. அன்று வேலையில் இருந்தாள். அருமைநாதன் கதிரையில் இருந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். சுவாமியின் குரலைச் சொன்னார், செருமலைச் சொன்னார், நேர்த்தியைச் சொன்னார்.



"பின்னால நிண்டது அவர்தான் எண்டு தெரிஞ்சும் ஒன்பது வருசம் என்னோட இருந்து சாப்பிட்டிருக்கிறியள்," என்றாள்.

"தெரியாது. அப்பிடி நினைச்சனான்."

"நினைச்சா தேடியிருக்கலாம்தானே."

"பயம்."

"இப்ப?"

"இப்ப என்ன. இது அந்த இத்தாலியன்ர மரத்தால வந்தது. நானே கண்ணால பாத்தனான். மாதாவின்ர வேலை இல்லை."

றோஸ்மேரி பையைத் தன் பக்கம் இழுத்தாள். "நேர்த்தி வைக்கேக்க, கொட்டை எப்பிடி நிறையவேணும் எண்டு சொன்னனீங்களோ?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்லை," என்றார்.

"அப்ப குடுக்கத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் தொலைபேசியை எடுத்தாள்.

பேசாலை ஆட்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அவர்கள் பேசாலைதான். பங்கிலிருந்த ஒரு அக்காவின் மச்சாள் திருச்சியில் இருந்தாள். அவளுக்கு மண்டபம் முகாமில் ஆள் தெரியும். இரண்டு கிழமைக்குள் ஒரு இலக்கம் வந்தது, முகாம் வாசலில் இருக்கும் தொலைபேசிக் கடையின் இலக்கம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எடுத்தால், அங்கே பின்னேரம், கிறிஸ்தோப்பர் வீட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று செய்தி. அதைக் கேட்ட இரவிலிருந்து அருமைநாதன் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். தம்பி, நான் அண்ணை. தம்பி, என்னை மன்னிச்சுக்கொள். ஒன்றும் சரியாக வரவில்லை. ஆனாலும் அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பு அவரைச் சின்னப் பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தது. சவரம் செய்து, வெளுத்த சேர்ட் போட்டு, தொலைபேசிக்கு முன்னால் இருந்தார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"கலோ." ஒரு பெண் குரல்.

"நான் கனடாவில இருந்து. அருமைநாதன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. "அவற்ற அண்ணையோ?"

"ஓம். தம்பி நிக்கிறானோ?"

"நான் கிறேஸ். அவரைக் கலியாணம் முடிச்சனான்." குரல் நின்று மறுபடி வந்தது. "அவர் மோசம் போயிட்டார். ரெண்டு வருசமாகுது. மஞ்சட்காமாலை."

றோஸ்மேரி அவருடைய தோளில் கை வைத்தாள். அந்தக் கைக்குக் கீழே அவர் கல்லாகிப் போயிருந்தார்.

"கேக்குதோ?" என்றாள் கிறேஸ்.

"கேக்குது. முந்தி ஒருக்கா ஒரு சுவாமி எனக்கு எடுத்தவர். அப்ப பக்கத்தில ஆர் நிண்டது?"

"அவர்தான். நீங்கள் சொன்னது அவருக்கும் கேட்டது."

"கோபிச்சவனோ?"

"இல்லை. வந்து சிரிச்சவர். அண்ணையின்ர கேஸ் இன்னும் முடியேல்லைப் போல, நான் இன்னும் கொஞ்சக்காலம் செத்துத்தான் இருக்கோணும் எண்டு சொன்னவர். பேந்து அழுதவர்தான். அதுக்குப் பிறகு உங்களைத் தேட ஒருத்தரையும் விடேல்லை. கனடாவில ஆர் இருக்கினம் எண்டு கேட்டா, ஒருத்தரும் இல்லை எண்டுவார். வருத்தம் முத்தினாப் பிறகும் விடேல்லை."

அருமைநாதனுக்கு அழுகை வந்தது. விசாரணையில் அழுத அழுகையில்லை, அது அவருக்கே தெரிந்தது. கிறேஸ் காத்திருந்தாள்.

"பிள்ளையள்?" என்று கேட்டார் பிறகு.

"ரெண்டு பொம்பிளைப்பிள்ளையள். இப்பதான் சண்டை நிண்டிருக்கே, ஊருக்குப் போவமெண்டு பதிவாளருக்கு எழுதினனான். பதில் வந்தது. அவர் எண்பத்தேழில இறந்ததாய்ப் பதிவு இருக்காம். எண்பத்தேழில செத்த ஆள் தொண்ணூற்றிரண்டில எப்பிடிக் கலியாணம் முடிச்சது எண்டு கேக்கினம். பிள்ளையளுக்குத் தகப்பன் ஆர் எண்டு கேக்கினம்." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் குத்தியது. "அவர் அப்ப சாகேல்லை எண்டு ரத்த உறவு ஒருத்தர் சத்தியம் செய்து எழுதித் தரவேணுமாம். உங்களை விட ஒருத்தரும் இல்லை. உங்களுக்குக் கரைச்சல் எண்டா விடுங்கோ. அண்ணையைக் கரைச்சல் படுத்தப்படாது எண்டு அவர் கனதரம் சொன்னவர்."

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அருமைநாதனுக்குத் தெரியும். அந்தக் கடதாசி ஒருநாள் எங்கேயாவது ஒரு கோப்பில் அவருடைய பழைய வழக்கோடு சந்தித்தால், பதினைந்து வருடமும் பொய்யாகிவிடும். குடியுரிமை, கடவுச்சீட்டு, வேலை எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. அவரை நம்பி வந்த றோஸ்மேரியின் பத்திரங்களும் அதன்மேல்தான். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தொலைபேசியிலிருந்து ஒழுகிய குரலை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்துபோய், வெள்ளைக் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதித் தாறன்," என்றார் அருமைநாதன். "என்ன திகதியில மோசம் போனவன்?"

கிறேஸ் சொன்னாள். அவர் அதை உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். பிள்ளைகளின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தொலைபேசியை வைத்ததும் எழுத உட்கார்ந்தார். முதலில் தன் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர். பிறகு: எனது உடன்பிறந்த தம்பி கிறிஸ்தோப்பர் 1987ஆம் ஆண்டில் இறக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தார். அந்த மரணப் பத்திரத்தை எடுப்பித்தவன் நான்.

அங்கே பேனை நின்றது. அடுத்த வரியில் உள்ளங்கையிலிருந்த திகதியை எழுத வேண்டும். பத்திரத்தில் தான் சாகடித்த தம்பியை இப்போதுதான் ஒரு வரியில் எழுப்பியிருக்கிறார், மறு வரியில் மறுபடி சாகடிக்க வேண்டும், இந்த முறை உண்மையாக. தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்தது. பூசைக்கு நேரமாகிறது என்று றோஸ்மேரி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"எழுதுங்கோவன். ஒரு வரிதானே."

"பேந்து எழுதுறன்," என்றார் அவர். "கொஞ்ச நேரம் உயிரோட இருக்கட்டும்."

அவள் எதிர்க் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தாள். அன்று இருவரும் பூசைக்குப் போகவில்லை.